ஆர்செட்டியில் செல்போன் சர்வீஸ் பயிற்சி: சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் அதுதான் முதல் கேள்வி. ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில், அதாவது எல்லோரும் ஆர்செட்டி என்று சொல்லும் இடத்தில், பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. தங்குவதற்குக் கிடையாது, சாப்பாட்டுக்குக் கிடையாது, கடைசியில் வாங்கும் சான்றிதழுக்கும் கிடையாது. அங்கே போவதற்கு முன்னால் டவுனில் ஒரு தனியார் இன்ஸ்டிடியூட்டில் விசாரித்தேன். இதே செல்போன் சர்வீஸ் படிப்புக்கு 28,000 ரூபாய் கேட்டார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்த்தான் எங்கள் வீடு நடந்துகொண்டிருந்தது. தொகையைக் கேட்டதும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மகளிர் குழுக் கூட்டத்தில் விசாரித்து, ஆர்செட்டி பற்றித் தெரிந்துகொண்டு வந்தவர் அவர்தான்.

இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு வழி தெரியாமல் இருக்கும் பிள்ளைகள், காலேஜைப் பாதியில் விட்டவர்கள், பயர் ஆபீஸ் (பட்டாசு ஆலை) வேலை வேண்டாம் என்று நினைப்பவர்கள் எல்லாம் வந்து "அக்கா, நானும் அங்க சேரலாமா?" என்று கேட்கிறார்கள். கஸ்டமர் நிற்கும்போது ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் முழுதாக எழுதுகிறேன். என் பதில், சேருங்கள் என்பதுதான். ஆனால் 30 நாள் பயிற்சி முடிந்த மறுநாளே கடை போட்டுவிடலாம் என்று நினைத்துச் சேராதீர்கள். பயிற்சிக்கும் கடைக்கும் நடுவில் இன்னொரு படி இருக்கிறது. அதை நிலையம் கட்டித் தருவதில்லை. நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இந்த நிலையங்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால் உள்ளே நடப்பது புரியும். கர்நாடகத்தில் தர்மஸ்தலா பக்கத்தில் உஜிரே என்ற ஊரில் 1982-ல் தர்மஸ்தலாவின் கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து ருட்செட்டி என்ற நிலையத்தைத் தொடங்கின. பின்னால் நின்றவர் வீரேந்திர ஹெக்டே. கிராமத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தங்கவைத்து, சோறு போட்டு, ஒரு தொழிலைக் குறுகிய காலத்தில் கற்றுக்கொடுத்து, அப்புறம் வங்கிக் கடன் வாங்கும் வரை கூட நிற்பது அவர்கள் முறை. அது நன்றாக நடந்ததைப் பார்த்து 2009-ல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாவட்டத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டது. பெரும்பாலும் அந்த மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கிதான் நடத்தும். நாடு முழுக்க ஏறக்குறைய 600 நிலையங்கள் இருக்கின்றன. நிலையத்தின் இயக்குநரே வங்கியிலிருந்து வந்த அதிகாரிதான். வங்கி என்றாலே வாசலில் நின்று தயங்கும் குடும்பத்திலிருந்து வந்த எனக்கு, ஒரு மேனேஜர் தினமும் காலையில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனது பெரிய விஷயமாக இருந்தது.

நான் சேர்ந்தபோது வயது வரம்பு 18 முதல் 45. ஒரு பேட்சுக்கு 25 முதல் 35 பேர் வரை எடுப்பார்கள். அதில் பெரும்பகுதி வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு. மகளிர் குழுவில் அம்மாவோ அக்காவோ இருந்தால் அந்த வழியாகவே பெயர் கொடுக்கலாம். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 100 நாள் வேலைத் திட்டத்தில் முந்தைய நிதியாண்டில் முழு 100 நாளும் வேலை பார்த்த குடும்பத்தில் ஒருவர் பயிற்சிக்கு வந்தால், பயிற்சி நாட்களுக்குக் கூலி இழப்பை ஈடுகட்டத் தொகை தரும் 'உன்னதி' என்ற திட்டம் அப்போது இருந்தது. எங்கள் பேட்சில் ஓர் அண்ணன் அப்படி வந்தவர். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அந்தத் தொகை இல்லையென்றால் ஒரு மாதம் கூலிக்குப் போகாமல் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது என்று சொன்னார். இலவசப் பயிற்சி என்றாலும் அந்த ஒரு மாதக் கூலி போவது ஏழை வீட்டுக்குப் பெரிய செலவு. திட்டம் போடுபவர்கள் இதை எப்போதும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தங்கும் இடம் சுத்தமாக இருந்தது, சாப்பாடு சுமார், ஆனால் வயிறு நிறையும். பெண்களுக்குத் தனி அறை, இரவில் காவலுக்கு ஆள் உண்டு. வீட்டில் அனுப்பத் தயங்கினால் அம்மாவையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். என் அப்பா நேரில் வந்து பார்த்த பிறகுதான் சரி என்றார்.

காலையில் யோகா, வளாகத்தைக் கூட்டிப் பெருக்குவது, அப்புறம் வகுப்பு. வகுப்பில் முதல் வேலை, முந்தின நாள் கற்றதில் எது முக்கியம் என்று ஒருவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஆர்செட்டிகளில் இதற்கு 'மிலி' என்று பெயர். பத்துப் பேர் முன்னால் வாய் திறந்திராத பிள்ளைகள் அந்த நிமிடத்துக்காக இரவே நோட்டைப் புரட்டுவார்கள். கடையில் கஸ்டமரிடம் "போர்டில் தண்ணி இறங்கியிருக்கு, இன்ன வேலை செய்யணும், இவ்வளவு ஆகும், நூறு சதவீதம் உத்தரவாதம் தர முடியாது" என்று தடுமாறாமல் சொல்லும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் நிலையத்தின் ஊழியர் அல்ல, வெளியே பல வருடமாக சர்வீஸ் கடை நடத்துபவர். ஆர்செட்டியின் பெரிய பலம் இதுதான். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிற ஆளாக இருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்போம். முதல் சில நாள் திறப்பதும் மூடுவதும் மட்டும்தான். எந்த ஸ்க்ரூ எந்த இடத்திலிருந்து வந்ததோ அதே இடத்துக்குப் போக வேண்டும். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானது இருந்த இடத்தில் முறுக்கினால் போர்டில் ஓட்டை விழும். அப்புறம் மின்சார அளவு பார்க்கும் மல்டிமீட்டர். பீப் மோடில் வைத்து லைன் போகிறதா என்று பார்ப்பது, டயோட் மோடில் வைத்து அளப்பது. அப்புறம் செத்த போர்டுகளில் சோல்டரிங், அதாவது ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டுவது. ஆளுக்கு ஒரு பழைய போர்டைக் கொடுத்து, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பிளக்ஸ் போட்டு, சின்னச் சின்ன கெப்பாசிட்டரை எடுத்து அதே இடத்தில் திரும்ப வைக்கச் சொல்வார். ஹாட் ஏர் கன்னை ஒரே இடத்தில் பிடித்தால் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் கனெக்டர் உருகிவிடும். சூட்டைக் கண்ணால் பார்க்க முடியாது, கையின் அசைவில்தான் அளவு இருக்கிறது என்பார்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுவது, ஆன் ஆகாத போனை எப்படிப் பார்ப்பது என்ற பாடம். போர்டை டிசி பவர் சப்ளையில் மாட்டு. பவர் பட்டனைத் தொடாதே. மீட்டரில் ஆம்பியர் ஏறுகிறதா? ஏறினால் பேட்டரி லைனிலேயே ஷார்ட். ஏறவில்லையென்றால் இப்போது பட்டனை அமுக்கு. நம்பர் அசையவே இல்லையா, பட்டன் லைனையும், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப்பான பவர் ஐசியையும் பார். கொஞ்சம் ஏறி அப்படியே நிற்கிறதா, சாஃப்ட்வேராக இருக்கலாம். ஷார்ட் எங்கே என்று தெரியவில்லை என்றால் ரோசின் என்ற பிசினின் புகையைப் போர்டு மேல் பிடித்து வெள்ளையாகப் படியவிட்டு, கரண்ட் கொடு. ஷார்ட் ஆன பாகம் சூடாகி, அந்த இடத்து வெள்ளை மட்டும் உருகிக் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்து காட்டிய அன்றைக்கு யாரும் டீ குடிக்க எழுந்து போகவில்லை.

தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் போட்டு வைப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அரிசி உள்ளே இருக்கும் உப்பையோ துருவையோ எடுக்காது. அந்த இரண்டு மூன்று நாளில் கனெக்டர் பச்சை பூத்துப் போகும். உடனே ஸ்விட்ச் ஆஃப் செய்து, சார்ஜ் போட்டுப் பார்க்காமல், கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவினால்தான் பிழைக்க வழி உண்டு. உப்பிய பேட்டரியை அழுத்தக் கூடாது, ஊசியால் குத்தக் கூடாது, பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும். என் கடையில் இன்றும் மணல் வாளி இருக்கிறது.

சட்டம் பற்றியும் ஒரு வகுப்பு உண்டு. அதைத் தூங்கிக் கழிக்காதீர்கள். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பரை மாற்றித் தரச் சொல்லி ஆள் வருவான், நல்ல காசும் தருவான். 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திருட்டுப் போன் கைக்கு வந்தால் கடை வைத்திருப்பவர்தான் முதலில் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் சர்வீசுக்கு வரும் ஒவ்வொரு போனுக்கும் பெயர், நம்பர், ஐஎம்இஐ, என்ன கோளாறு, வாங்கும்போது கண்ணாடியில் கீறல் இருந்ததா என்று ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னார்கள். கீறல் எழுதுவது சின்ன விஷயம் போலத் தெரியும். கடை வைத்தால்தான் அதன் அருமை தெரியும்.

இனி, நான் எதிர்பார்க்காமல் போய், எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி. எல்லா ஆர்செட்டிப் பயிற்சியிலும் தொழிலோடு சேர்த்து தொழில்முனைவுப் பாடமும் உண்டு. தையலாக இருந்தாலும் ஆடு வளர்ப்பாக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. வளையம் எறிகிற விளையாட்டு ஒன்று. கம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை நாமே முடிவு செய்யலாம். பக்கத்தில் நின்றால் எளிது, ஆனால் மதிப்பெண் குறைவு. ரொம்பத் தள்ளி நின்றால் மதிப்பெண் அதிகம், ஆனால் விழுவது அதிர்ஷ்டம். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள், தவறினால் அடுத்த முறை முன்னால் வருகிறார்களா, கோபத்தில் இன்னும் பின்னால் போகிறார்களா என்று எழுதி வைத்து, கடைசியில் நம்மிடமே காட்டுவார்கள். டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் சாதிக்கும் ஊக்கம் பற்றி ஆராய்ந்ததிலிருந்து வந்தது இது. அவர் 1960-களில் ஆந்திராவில் காக்கிநாடாவுக்கு வந்து, சின்ன வியாபாரிகளுக்கே இந்த மாதிரிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தவர். தொழில் செய்யும் ஊக்கம் பிறவியிலேயே வருவது மட்டும் இல்லை, பழக்கவும் முடியும் என்பது அவர் எண்ணம். எனக்கு இந்தச் செய்தி ரொம்ப முக்கியமாகப் பட்டது. வியாபாரம் நம் சனத்துக்கு வராது, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

கண்ணைக் கட்டிவிட்டு, பழக்கமில்லாத கையால் மரக்கட்டைகளை அடுக்கச் சொல்லும் விளையாட்டும் உண்டு. கூட இரண்டு பேர் நின்று குரல் கொடுப்பார்கள். எத்தனை கட்டை அடுக்குவாய் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கடன் வாங்கும்போது இந்த விளையாட்டை நினைத்துக்கொண்டுதான் தொகையை எழுதினேன்.

அப்புறம் எங்களை டவுனுக்குள் அனுப்பிச் சந்தை ஆய்வு செய்யச் சொன்னார்கள். கடை வாடகை என்ன, அட்வான்ஸ் என்ன, எந்த போன் அதிகம் வருகிறது, டிஸ்ப்ளே காம்போ (கண்ணாடியோடு சேர்ந்த திரை) எங்கிருந்து வாங்குகிறார்கள், உடைந்தால் யார் பொறுப்பு என்று கடை கடையாகக் கேட்டோம். சிலர் விரட்டினார்கள். சிலர் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து எல்லாம் சொன்னார்கள். அதில் கிடைத்த விவரத்தை வைத்துத் திட்ட அறிக்கை எழுதினோம். கூலியை எப்படிப் போடுவது என்ற கணக்கு அங்கேதான் பிடிபட்டது. பாகத்தின் விலை, நம் நேரம், கடை வாடகையில் ஒரு பங்கு, அதோடு மாதத்தில் ஒரு டிஸ்ப்ளே மாட்டும்போது உடையும், அந்த நஷ்டத்தையும் எல்லா வேலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் 200 ரூபாய் கூலி வாங்குகிறார் என்பதற்காக நானும் 150 என்று இறங்கிக்கொண்டே போனால் மூன்றாம் மாதம் வாடகை கொடுக்க முடியாது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த நிலையங்களில் பெண்கள் போனால் தையல், அழகு நிலையம், சணல் பை என்றுதான் கையைக் காட்டுவார்கள். அவையும் நல்ல தொழில்கள்தான். ஆனால் ஒரு தெருவில் எத்தனை தையல் மிஷின் ஓட முடியும்? எங்கள் பேட்சில் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தோம். இன்று என் கடையின் பாதி வருமானம் பெண் வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது. போனுக்குள் குடும்பப் போட்டோ இருக்கிறது, பேங்க் ஆப் இருக்கிறது, லாக் நம்பரைச் சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டுப் போக அவர்களுக்குப் பயம். என் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண் முன்னால் வேலை முடிந்ததும் வாங்கிப் போகிறார்கள். டீச்சர்கள், நர்சுகள், மில்லில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் பக்கத்துக் கடைகளைத் தாண்டி வருகிறார்கள். இந்தத் தொழிலில் பெண்ணுக்கு இடம் இருக்கிறதா என்று தயங்குபவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

30 நாள் போதாது. அதில் தொழில்முனைவுப் பாடம், வங்கி பற்றிய வகுப்பு, கடைசியில் வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து வைக்கும் தேர்வு எல்லாம் போக, டேபிளில் உட்கார்ந்து கருவியைப் பிடிக்கும் நேரம் சுருங்கிவிடுகிறது. பழகக் கிடைக்கும் போர்டுகள் பழையவை. சந்தையில் இன்று வருவது பின்பக்கம் பசை போட்டு ஒட்டிய போன்கள், ஓரம் வளைந்த அமோலெட் திரைகள். அந்தத் திரையை சூடுபடுத்திப் பிரிப்பது தனி வித்தை. அதைப் பயிற்சியில் கண்ணால் பார்த்தோம், கையால் செய்யவில்லை. செய்து பழக ஒரு திரையை வீணாக்கினால் அதன் விலை பயிற்சி நிலையத்துக்குக் கட்டுப்படியாகாது என்பது புரிகிறது. ஆனாலும் அடிபட்ட திரைகளைக் கடைகளிலிருந்து சேகரித்துக் கொடுக்கலாம். ஒவ்வொரு சர்வீஸ் கடையிலும் ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது.

முடித்ததும் கருவிகள் கையில் கிடைக்காது. சொந்தமாக வாங்க வேண்டும். நான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கியபோது ஹாட் ஏரும் சோல்டரிங் அயர்னும் சேர்ந்த ஸ்டேஷன், பவர் சப்ளை, மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் செட், பிளக்ஸ், பேஸ்ட் எல்லாம் சேர்ந்து 12,000 ரூபாயைத் தொட்டது. மைக்ராஸ்கோப் அப்புறம்தான் வாங்க முடிந்தது. மைக்ராஸ்கோப் இல்லாமல் ஐசி வேலைக்குப் போகாதீர்கள், கண் போய்விடும்.

மேலே சொன்ன நடுப்படி என்னவென்றால், ஓடுகிற ஒரு கடையில் கொஞ்ச காலம் உட்காருவது. பயிற்சி முடித்துப் பக்கத்து ஊரில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். முதலில் ரீசார்ஜ், கவர், டெம்பர் கிளாஸ்தான். போனைத் திறக்க அந்த அண்ணன் விடவில்லை. அப்புறம் சார்ஜிங் போர்ட் மாற்றும் வேலை வந்தது, அப்புறம் டிஸ்ப்ளே, அப்புறம் அவர் சாப்பிடப் போகும்போது கடையே என் கையில். எந்த டிஸ்ப்ளே ஒரிஜினல், எது காப்பி, காப்பி போட்டால் கஸ்டமரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சப்ளையர் எத்தனை நாளுக்குள் ரிட்டர்ன் எடுப்பான், கடன் கேட்கும் தெரிந்தவரிடம் என்ன சொல்வது, இதெல்லாம் எந்த வகுப்பிலும் வராது. எங்கள் பேட்சில் இப்படி ஒரு கடையில் உட்கார்ந்தவர்கள் இன்று தொழிலில் இருக்கிறார்கள். நேராக வீட்டுக்குப் போய், கடன் வரட்டும் என்று காத்திருந்த பலர் கை மறந்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். திறமையில் ஒரு குறையும் இல்லாதவர்கள் அவர்கள். அந்தக் கல்யாணமான அண்ணன் எங்கள் எல்லோரையும்விட நன்றாக சோல்டரிங் செய்வார். இப்போது மறுபடி கொத்தனார் வேலைக்கு சிற்றாளாகப் போகிறார். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

அரசின் தொழிற்பழகுநர் திட்டத்தில் இதற்கு வழி இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். 2016-ல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது. ஆனால் நாலு பேராவது வேலை பார்க்கும் நிறுவனமாக இருந்தால்தான் பழகுநரை எடுக்க முடியும். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் முதலாளி ஒருவர், பையன் ஒருவர், அவ்வளவுதான். எந்தக் கடையில் இந்தத் தொழில் உண்மையாகக் கற்றுக்கொள்ளப்படுகிறதோ அந்தக் கடை விதிக்கு வெளியே நிற்கிறது. ஆர்செட்டியே பத்து கடைக்காரர்களைப் பிடித்து, பயிற்சி முடித்த பிள்ளைகளை மூன்று மாதம் அங்கே உட்கார வைத்தால், செலவு அதிகம் ஆகாது, பலன் இரண்டு மடங்கு இருக்கும்.

இதைச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. பாரதிய யுவ சக்தி டிரஸ்ட் என்று ஒன்று 1992-ல் தொடங்கப்பட்டது. ஜே.ஆர்.டி. டாடா அதற்குத் தலைவராக இருந்தார். லட்சுமி வெங்கடேசன் ஆரம்பித்தது. பிரிட்டனில் அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் 1976-ல் தொடங்கிய பிரின்ஸ் டிரஸ்ட்டைப் பார்த்து வந்த யோசனை. கடன் வாங்கித் தொழில் தொடங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொழிலில் பழுத்த ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிடுவது அவர்கள் முறை. சென்னையிலும் செயல்படுகிறார்கள். அந்த வழிகாட்டி என்ற ஒன்றை மட்டும் ஆர்செட்டி எடுத்துக்கொண்டால் போதும்.

கடன் விஷயம். சின்னத் தொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டம் 2015-ல் வந்தது. அதில் 50,000 ரூபாய் வரை உள்ள சிஷு கடன் ஒரு சின்ன சர்வீஸ் கடைக்குப் போதும். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது நான் கடன் கேட்டபோது இருந்த ரிசர்வ் வங்கி விதி. விதி இப்படி இருந்தாலும் நான் போன கிளையில் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்றார்கள், ஜாமீன் போட அரசு ஊழியர் யாராவது உண்டா என்றார்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். நிலையத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். அங்கிருந்து ஒரு சார் என்னோடு கிளைக்கே வந்தார். மேனேஜரிடம் என் திட்ட அறிக்கையைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அப்புறம் கடன் வந்தது. பயிற்சி முடிந்து இரண்டு வருடம் வரை தொடர்ந்து விசாரிப்பது ஆர்செட்டியின் கடமைகளில் ஒன்று. அதைக் கேட்டு வாங்க நாம் கூச்சப்படக் கூடாது. அவர்கள் போன் பண்ணும்போது "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்று சொல்லி வைத்துவிடாமல், என்ன பிரச்சினை என்று சொல்லுங்கள்.

மானியம் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும். மத்திய அரசின் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) திட்டத்தில் கிராமப்புறத்தில் பெண்களுக்கும் பட்டியலினத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கும் 35 சதவீதம், மற்றவர்களுக்கு 25 சதவீதம். சொந்தப் பங்கு சிறப்புப் பிரிவுக்கு 5 சதவீதம். குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு இலவசம், போனிலேயே செய்யலாம். அதற்கு 1,500 ரூபாய் கேட்டு ஆட்கள் சுற்றுகிறார்கள், ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வர வேண்டும், வீட்டில் அதைத் தவிர வேறு வழியில்லை என்றால், 2014-ல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டத்தைப் பாருங்கள். அது வேலையில் சேர்த்துவிடும் பயிற்சி. என் சித்தி மகள் அப்படித்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனிக்குப் போனாள். வீட்டுக்கு ஒழுங்காகப் பணம் அனுப்புகிறாள், நன்றாக இருக்கிறாள். ஆர்செட்டி சொந்தக் காலில் நிற்க நினைப்பவர்களுக்கு. முதல் ஆறு மாதம் வருமானம் நிச்சயமில்லாமல் இருக்கும். அதை வீட்டில் முன்னாலேயே பேசிவிட்டுச் சேருங்கள்.

சேருவதற்கு ஆதார், ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகம், போட்டோ போதும். குழுவிலோ 100 நாள் வேலையிலோ குடும்பத்தில் யாராவது இருந்தால் அந்த அட்டையின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் போய் மூன்று விஷயம் விசாரியுங்கள்: தொழில் கற்றுக்கொடுப்பவர் சொந்தக் கடை வைத்திருப்பவரா, ஆளுக்கு ஒரு சோல்டரிங் ஸ்டேஷன் உண்டா, போன பேட்சில் முடித்தவர்கள் யார் கடை வைத்திருக்கிறார்கள். மூன்றாவதற்குப் பதில் கிடைத்தால் அந்தக் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே சேர்ந்துகொள்ளலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். செல்போன் பேட்ச் எல்லா மாதமும் வராது. இந்த வருட அட்டவணையில் எந்த மாதம் என்று கேட்டு, பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.